பசியாவரத்தில் பேர் கூப்பிட்ட சாயங்காலம்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு நோயாளி என்னைப் பார்த்து அலறினான். கோட்டை ஆசுபத்திரியில் வயிற்றுக்கடுப்போடு கிடந்த சிப்பாய். நான் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டிலருகே போய் நின்றதும், "ஐயையோ, உபதேசியாரு வந்துட்டாரு! நான் செத்துப் பூட்டேனா?" என்று கத்திவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அதற்குப் பிறகும் என்னைக் கண்டால் ஒதுங்கியே போவான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. அவர்கள் கோயிலில் எனக்கு நோயாளிகளைப் பார்க்கிற உபதேசியார் வேலை. படுத்துக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிக்கவேண்டும், ஜெபம் செய்யவேண்டும், ஆண்டவர் உன்னை நேசிக்கிறார், கைவிடமாட்டார் என்று சொல்லவேண்டும். நான் தெருவில் நடந்தால் பெண்கள் எட்டிப் பார்த்து, "யாரு வூட்டுக்குப் போறாரு பாரு" என்பார்கள். எங்கள் வாசலைத் தாண்டிப் போனால் போதும் சாமி என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்குச் சில சங்கதிகள் சொல்கிறேன். நின்றுகொண்டு வாசிக்காதே, படுத்திருப்பவனுக்கு நிற்கிறவன் எல்லாருமே அதிகாரிதான். தலைமாட்டில் உட்காராதே, முகம் தெரியாது. முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேள், பிறகு வேதத்தைத் திற. நாக்கு வறண்டவனுக்குச் சங்கீதம் இறங்காது.

2. சமையல்காரனின் பசி

சமைக்கிறவனுக்குப் பசி எடுக்காது என்பார்கள். ஊருக்கெல்லாம் ஆறுதல் பரிமாறிய எனக்கு எடுத்தது. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. பெரிய பாவம் ஏதாவது செய்தேனா என்று துருவிப் பார்த்தேன். சின்னப் பாவங்கள்தான் கிடைத்தன, அவையும் பழசு. ஆனால் முன்பெல்லாம் ஜெபத்தில் முழங்கால் போட்டால் எதிரே ஒருவர் இருக்கிறார் என்று தெரியும். இப்போது எதிரே சுவர்தான் இருந்தது. 'ஆண்டவர் உன்னை நேசிக்கிறார்' என்று காலையிலிருந்து மாலை வரை பிறருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால், என்னைத் தவிர என்று யாரோ கூடச் சேர்த்துச் சொல்வதுபோல இருந்தது. பயமாக இருந்தது. அழுகைகூட வரவில்லை என்பதுதான் அதிலும் பெரிய பயம்.

பாதிரியாரிடம் போனேன். ஒல்லாந்தர்தான் என்றாலும் இந்த ஊரில் பல வருஷம் இருந்து எங்கள் பேச்சையே பேசுவார். வேலையை விட்டுவிடுகிறேன், உள்ளே ஒன்றும் இல்லாமல் சொல்வது பொய்யாக இருக்கிறது என்றேன்.

சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார். "நீ சொல்றது பொய்யா, இல்ல உனக்குத் தெரியலியா? ரெண்டும் ஒண்ணு இல்ல."

"தெரியலீங்க ஐயா."

"அப்போ பசியாவரத்துல யாக்கோபு ஜுரத்துல கெடக்கறான். போய்ப் பாத்துட்டு வா. அப்பால பேசலாம்."

எனக்குக் கோபம் வந்தது. பசி என்று வந்தவனை இன்னொரு பந்திக்குப் பரிமாற அனுப்புகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே படகு ஏறினேன்.

3. யாக்கோபு கேட்ட கேள்வி

பசியாவரம் ஏரிக்கு நடுவே இருக்கிற தீவு. யாக்கோபும் அவன் மனைவி சாராளும் அங்கே ஞானஸ்நானம் வாங்கிய ஒரே குடும்பம். அதிலிருந்து யாக்கோபின் பங்காளி முனியன் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குடிசைகள் அடுத்தடுத்து இருந்தன. இந்த வீட்டுப் புகை அந்த வீட்டுக்குள் போகும், பேச்சு மட்டும் போகாது.

யாக்கோபு எலும்பும் தோலுமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்தேன், குடித்தான். புத்தகத்தைத் திறந்தேன். கையை நீட்டி அதை மூடிவிட்டான்.

"அது எல்லாம் எனக்குத் தெரியும் உபதேசியாரே. எனக்கு ஜெபம் வர்ல. வாயத் தொறந்தா வெறுங் காத்துதான் வருது. பழைய சாமிய வுட்டுட்டு வந்தேன். இப்போ இவரும் என்ன வுட்டுட்டாரா?"

"விடமாட்டார் யாக்கோபு" என்றேன். பழக்கத்தில் வந்த வார்த்தை.

என்னையே பார்த்தான். ஜுரக் கண். "உங்க கிட்ட அவரு பேசறாரா? நெசமா சொல்லுங்க."

என் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பத்துப் பதில் தயாராக இருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்ததும் பத்தையும் விட்டுவிட்டேன்.

"இல்லை. ரொம்ப நாளா இல்லை."

அடுப்பண்டை இருந்த சாராள் கரண்டியைக் கீழே போட்டாள். "இன்னாங்க இது! ஆறுதல் சொல்ல வந்தவரு பேசற பேச்சா இது?"

யாக்கோபு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகியது. "வுடு சாரா. நான் மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

4. கரையிலிருந்து வந்த குரல்

ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் எப்போது வலை கட்டுவது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். சாயங்காலம் ஊர்த் தலைவர் கரையில் நின்று, மறுநாள் பாடு யாருக்கோ அவன் பேரைக் கூப்பிடுவார். ஆள் அங்கே நின்று 'கீறேன்', அதாவது இருக்கிறேன், என்று குரல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். படுத்துக் கிடப்பவனுக்காகக் கூட்டாளிகள் குரல் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தவர்கள் அவனுக்காக வலையும் கட்டி, பட்ட இறாலையும் அவன் வீட்டில் இறக்கவேண்டும். உழைப்பு அவர்களுடையது, இறால் அவனுடையது. அதனால் யாரும் சும்மா வாயைத் திறப்பதில்லை.

அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே கரையிலிருந்து தலைவரின் குரல் வந்தது.

"யாக்கோபு!"

யாக்கோபு எழப் பார்த்தான். முழங்கை மடங்கி விழுந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. சாராள் அவன் மார்பில் கையை வைத்து அழுத்தினாள்.

"நமக்கு யாரு குரல் குடுக்கப் போறாங்க, வுடு" என்றாள் மெதுவாக.

"யாக்கோபு கீறானா?" இரண்டாவது முறை.

வெளியே காற்றுச் சத்தம்தான் கேட்டது. யாக்கோபு கண்ணை மூடிக்கொண்டான். நான் எழுந்து ஓடிப் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன், ஆனால் வலை கட்டத் தெரியாதவன் குரல் அங்கே செல்லாது.

"கீறான்!"

முரட்டுக் குரல். சாராள் வாயைப் பொத்திக்கொண்டாள். "முனியன்" என்றாள். அதற்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று குரல்கள், "கீறான், கீறான்" என்றன. "செரி, யாக்கோபு பாடு" என்றார் தலைவர். அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

யாக்கோபு கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். பிறகு, "நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கிடக்கும்போது நமக்காகப் பிதாவின் முன்னே பரிந்து பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று எத்தனை கட்டிலண்டை வாசித்திருப்பேன்! குரல் மட்டும் கொடுக்கிறவர் இல்லை அவர். குரல் கொடுத்து, பாரத்தையும் தாமே சுமந்தவர். நான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சத்தம் வராததால் என் பேரையே கூப்பிடவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதை எனக்கு வந்த மாதிரி யாக்கோபிடம் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "அப்போ உங்களுக்கும்தானே உபதேசியாரே?" என்றான்.

"எனக்கும்தான்" என்றேன். பல மாதத்துக்குப் பிறகு நானே நம்பிச் சொன்ன வார்த்தை அது.

5. கடைசி வேலை

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அதுதான் பொய். படகில் திரும்பும்போது வானம் திறக்கவில்லை, கொசுதான் கடித்தது. ஆனால் பாதிரியாரிடம் வேலையை விடுவதைப் பற்றி நான் பிறகு பேசவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

யாக்கோபு பிழைக்கவில்லை. கடைசி நாளில் சாராள் ஆள் அனுப்பினாள். நான் போனபோது அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. முனியன் அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் தலையருகே குனிந்து, "யாக்கோபு, உன் பேரைக் கூப்பிடுறாங்க" என்றேன். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. "கீறான் ஆண்டவரே" என்றேன். சாராளும் சொன்னாள். முனியனுக்கு யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாது, ஆனாலும் காலை விடாமல் அவனும் சொன்னான்.

வருஷங்கள் போய், இப்போது நானே நோயாகப் படுக்கையில். சில நாள் ஜெபம் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் முன்புபோல் நடுங்குவதில்லை. ஆண்டவருடைய அன்பு என் நெஞ்சில் தெரிகிறதா என்று பார்த்து அவர் அன்பை அளக்கிற வேலையை விட்டுவிட்டேன். அந்த ஒரு வேலையை மட்டும்தான் நான் ராஜினாமா செய்தது.

யாக்கோபு போன பிறகு சாராள் மீன் விற்றுப் பிழைக்கிறாள். வாரத்தில் ஒருநாள் எங்கள் வாசலுக்கு வருவாள். உள்ளே எட்டிப் பார்க்கமாட்டாள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டாள். எனக்காக "கீறாரு ஆண்டவரே" என்று மேலே பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவாள்.