அம்மாவின் ஒன்லி

என் தம்பியைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்த வருடம் நான் அம்மாவுக்கு ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. முழு ஆங்கிலத்தையும் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். அந்தச் சொல் 'ஒன்லி'.

நாங்கள் கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் குடியிருந்தோம். அப்பா பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊரில்தான். அம்மா பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்த ஆறு மாதத்தில் வங்காள மொழியைக் காய்கறிக்காரர்களிடமும் மாடிவீட்டு வங்காளி அம்மாளான மாஷியிடமும் பேசியே கற்றுக்கொண்டாள். தப்பும் தவறுமாகப் பேசினாலும் பயப்படாமல் பேசுவாள். ஆங்கிலமும் அப்படித்தான். காலைச் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை ஆங்கிலத்தில் படிப்பாள். வாயைத் திறந்தால் மட்டும் உள்ளே இருக்கும் தமிழ் அப்படியே ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். "ஐ டோல்ட் யெஸ்டர்டே ஒன்லி" என்பாள். நேற்றே சொல்லிவிட்டேனே என்று அர்த்தம். "த பேக் இஸ் தேர் ஒன்லி" என்றால் பை அங்கேதான் இருக்கிறது. தமிழில் எங்கெல்லாம் 'தான்' வருமோ, அங்கெல்லாம் அவளுக்கு ஒரு 'ஒன்லி' வேண்டும்.

இதை நான் ஒரு குற்றமாகக் கண்டுபிடித்தது ஐந்தாம் வகுப்பில். எங்கள் ஆங்கில மிஸ் ஒருநாள் முழுப் பாடவேளையையும் இந்த ஒரு சொல்லுக்குக் கொடுத்தார். 'தீதி (அக்கா) நேற்று மாம்பழம் தின்றாள்' என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, 'ஒன்லி'யை ஒவ்வொரு இடமாக உட்கார வைத்துக் காட்டினார். முதலில் வைத்தால் தீதி மட்டும் தின்றாள், மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாம்பழத்துக்கு முன்னால் வைத்தால் அவள் வேறெதுவும் தின்னவில்லை. நேற்றுக்கு முன்னால் வைத்தால் நேற்று ஒரு நாள்தான். இந்தச் சொல் பக்கத்தில் இருப்பவரை விரலால் சுட்டும், அதனால் யார் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்றார்.

அதன் பிறப்பையும் சொன்னார். ஒன்று என்பதோடு 'போன்ற' என்ற பொருளுள்ள ஒட்டு சேர்ந்து உண்டான சொல் அது. இன்று எல்லோரும் 'வன்' என்று எண்ணுகிறோம், ஆனால் யாரும் 'வன்லி' என்று சொல்வதில்லை. ஒன்றுக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய உச்சரிப்பு இந்தச் சொல்லுக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது. மிகப் பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஒப்பற்றது, நிகரில்லாதது என்று பொருள். பிறகு 'தனியாக' என்று ஆயிற்று. பிறகு 'இவ்வளவே, இதற்கு மேல் இல்லை' என்று சுருங்கியது. கடைசியில் 'வெறும்' என்று சொல்கிற அளவுக்கு இறங்கி வந்துவிட்டது.

இப்போது ஒரு பாடப்புத்தகப் பதிப்பகத்தில் பிறர் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் என் வேலை. ஆகவே உறுதியாகவே சொல்கிறேன்: மிஸ் சொன்ன இட விதியை ஆங்கிலேயர்களே பேச்சில் மதித்ததில்லை. வினைக்கு முன்னால் எங்கேயாவது போட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருப்பார்கள். அந்த வயதில் எனக்கு இது தெரியாது. மிஸ் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருடம் தம்பிக்கு நர்சரி. காளிகாட் பக்கம் இருந்த என் பள்ளியிலேயே அவனையும் சேர்க்க வேண்டும். நேர்முகத்துக்குக் குழந்தையோடு பெற்றோர் இருவரும் வர வேண்டும், பேச்செல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அப்பா அப்போது வங்கி வேலையாய் சிலிகுரியில் இருந்தார். மாதம் ஒருமுறை இரவு ரயிலில் வந்து, ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பிவிடுவார். நேர்முக நாளுக்குக் கேட்டிருந்த விடுப்பு கடைசி வாரத்தில் இல்லையென்று ஆயிற்று.

செய்தி கேட்டதும் பெஹாலாவிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவுக்கு அக்கா. பெரிய கம்பெனி ஒன்றில் இயக்குநருக்குக் காரியதரிசியாக இருந்தவள். அவளுடைய ஆங்கிலம் கஞ்சி போட்ட பருத்திப் புடவை மாதிரி, எங்கேயும் ஒரு சுருக்கம் இருக்காது. எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தாள். வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "நீ கவலைப்படாதே, நான் வந்து பேசறேன். நீ பக்கத்துல உக்காந்துண்டு சிரிச்சா போதும்."

அம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இல்ல மதினி, நானே பேசிக்கிடுதேன்."

"உன் இங்கிலீஷைக் கேட்டா அவா என்ன நினைப்பா? குழந்தையோட படிப்பு விஷயம். இதுல ரோஷம் பாக்கலாமா?"

அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தை போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, உங்க மிஸ்ஸு என்னமோ சொல்லிக் குடுத்தான்னு என்னைய நொட்டை சொல்லிக்கிட்டே இருப்பியே, அதை ஒழுங்கா எனக்குச் சொல்லிக் குடு."

இப்படித்தான் நான் ஆசிரியை ஆனேன். சமையலறையில் அவள் காய் நறுக்கும்போது எதிரில் நின்று கேள்வி கேட்பேன். அவள் பதில் சொல்வாள். வாக்கியம் ஒழுங்காகவே புறப்பட்டு வரும், முடிவுக்கு வரும் இடத்தில் அந்தச் சொல் வந்து வாசலில் நிற்கும். நான் கையை உயர்த்துவேன். அவள் உதட்டை மூடிக்கொள்வாள். ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "சரி, சொல்லலை. அப்ப 'நான்தான்'னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?"

உயர்த்திய கையை நான் இறக்கிக்கொண்டேன். அம்மா விடவில்லை.

"வங்காளத்துக்காரங்களுக்கே ஒரு 'இ' இருக்குல்லா. ஆமின்னா நான், ஆமிஇ-ன்னா நான்தான். இந்திக்காரனுக்கு ஒரு 'ஹி' இருக்கு. இவ்வளவு பெரிய பாஷையில ஒரு 'தான்' கூடவா இல்லாமப் போச்சு?"

மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆங்கிலத்தில் அதற்குத் தனிச் சொல் வேண்டியதில்லை, குரலை அழுத்தினால் போதும் என்றார். 'ஐ' என்பதை அழுத்திச் சொன்னால் நான்தான் என்று ஆகிவிடும். வீட்டில் வந்து சொன்னதும் அம்மா அழுத்திப் பார்த்தாள். அவள் போட்ட 'ஐ'யில் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த தம்பி பயந்து அழ ஆரம்பித்தான். அதற்குப் பிறகு நாங்கள் சத்தம் இல்லாமல் அழுத்திப் பழகினோம். நேர்முகத்துக்கு முந்தின நாள் மாலை, நான் கேட்ட அத்தனை கேள்விகளுக்கும் அம்மா ஓர் 'ஒன்லி'கூட இல்லாமல் பதில் சொல்லி முடித்தாள். என் மாணவியைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் அத்தை டாக்ஸியோடு வந்து நின்றாள். துணைக்கு வருகிறேன் என்றாள். வராதீர்கள் என்று யார் சொல்ல முடியும்? தம்பி என் கையை விட மாட்டேன் என்று அழுததால், பிரின்சிபல் அறைக்குள் என்னையும் அனுமதித்தார்கள். சுவரோரம் ஒரு பெஞ்சில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவும் அத்தையும் மேஜைக்கு முன்னால்.

பிரின்சிபல் மேடம் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட வங்காளி அம்மாள். நாங்கள் காரிடாரில் அவரைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்போம். நிமிர்ந்து பார்த்துவிட்டு அவர் இயல்பாகவே அத்தையிடம்தான் பேச ஆரம்பித்தார். குழந்தையின் அப்பா எங்கே என்று கேட்டார். அத்தை சொன்னாள். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார். அதையும் அத்தையே சொன்னாள். அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் வாயைத் திறந்தாள். திறந்து, வரப்போகும் சொல்லைச் சரிபார்த்து, இடம் பார்த்து வைப்பதற்குள் அத்தையின் பதில் முடிந்து அடுத்த கேள்வி வந்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்த கவனம் அவளை மெதுவாக்கிவிட்டது.

பிறகு பிரின்சிபல் கேட்டார், வீட்டில் குழந்தைக்கு யார் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள் என்று. கேட்டுக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். "நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா?"

அத்தை மென்மையாகத்தான் சொன்னாள், அம்மாவைக் காப்பாற்றும் நினைப்பில்: "ஷீ இஸ் ஒன்லி எ ஹவுஸ்வைஃப், மேம். பாடத்தை நான் பார்த்துக்கொள்வேன்."

நான் பெஞ்சிலிருந்து கவனித்தேன். அத்தையின் 'ஒன்லி' மிஸ் சொன்ன இடத்தில் மிகச் சரியாக உட்கார்ந்திருந்தது. சுட்ட வேண்டியதைச் சுட்டியது. பத்துக்குப் பத்து.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மேடம், ஐ ஒன்லி."

"சாரி?" என்றார் பிரின்சிபல்.

"ஐ ஒன்லி, மேடம். லெசன் ஐ ஒன்லி. மார்னிங் ஐ ஒன்லி, நைட் ஐ ஒன்லி. ஃபீவர் மீன்ஸ் டாக்டர் டேக்கிங் ஆல்ஸோ ஐ ஒன்லி." என் பக்கம் கையை நீட்டினாள். "ஹெர் ஆல்ஸோ. ஏ, பி, சி, டி ஐ ஒன்லி டாட். ஷீ இஸ் ஃபர்ஸ்ட் இன் கிளாஸ், யுவர் ஸ்கூல் ஒன்லி."

நான் தம்பியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒரு வாரப் பாடமும் கண் முன்னால் தூள்தூளாகிக்கொண்டிருந்தது. அத்தை மேஜைக்குக் கீழே அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அந்தக் கையை எடுத்து அத்தையின் மடியிலேயே வைத்தாள்.

பிரின்சிபல் பேனாவை மூடினார். பள்ளிக்குள் ஒருநாளும் பேசாத வங்காள மொழியில், தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஆப்னி ஏகாய்?"

நீங்கள் ஒருவரேவா, தனியாகவேயா என்று அர்த்தம்.

"ஹா," என்றாள் அம்மா. "ஆமிஇ."

அவர் தனியாகவா என்று கேட்டார், இவள் நான்தான் என்று சொன்னாள். கேள்வியும் பதிலும் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். பிரின்சிபல் நாற்காலியை அம்மாவின் பக்கம் திருப்பிப் போட்டு, மிச்சக் கேள்விகளையெல்லாம் அவளிடமே கேட்டார். அவர் வங்காள மொழியில் கேட்கக் கேட்க, அம்மா விடாப்பிடியாக ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். பயிற்சி எடுத்துக்கொண்டதை வீணாக்க அவளுக்கு மனமில்லை.

வெளியே வந்ததும் அத்தை டாக்ஸிக்குக் கை காட்டிவிட்டுச் சொன்னாள்: "நான் பேசிப் பேசி எவ்வளவு தூரம் கொண்டுவந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டே." அவள் கண் கலங்கியிருந்தது. அம்மா அவளைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். "சாப்பிட்டுட்டுப் போகலாம், வாங்க மதினி. உங்களுக்குப் பிடிக்குமேன்னு மோர்க்குழம்பு வச்சிருக்கேன்." அத்தை சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். இரண்டாவது முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டாள்.

தம்பிக்கு இடம் கிடைத்தது. தன் ஆங்கிலத்தால் என்று அத்தை இன்றுவரை சொல்கிறாள். என் பாடத்தால் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா உரிமை எதுவும் கொண்டாடவில்லை. தம்பிக்குச் சீருடை தைக்கக் கொடுக்கப் போய்விட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நேர்முகம் நடந்த அன்று மாலை, அப்பா வங்கி முடிந்து வழக்கம்போல சிலிகுரியிலிருந்து செல்போனில் கூப்பிட்டார். அம்மாவுக்கு முன்னால் நான் ஓடிப்போய் எடுத்தேன். மாணவியைப் பற்றி மேலதிகாரியிடம் புகார் செய்ய எனக்கு அவசரம்.

"அம்மா எல்லா இடத்துலயும் தப்பா சொல்லிட்டாப்பா. ஒரு வாரம் சொல்லிக் குடுத்தேன், எல்லாம் வேஸ்ட்."

அப்பா சிரித்தார். "அப்படி என்ன சொன்னா?"

அம்மா மாதிரியே சொல்லிக் காட்டினேன். லெசன் ஐ ஒன்லி. நைட் ஐ ஒன்லி. ஃபீவர் மீன்ஸ் ஐ ஒன்லி. தொடக்கத்தில் அப்பாவின் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

"அத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னாங்கப்பா. அது கரெக்டா இருந்தது."

"அத்தை என்ன சொன்னா?"

"ஷீ இஸ் ஒன்லி எ ஹவுஸ்வைஃப்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எங்கள் தெருவில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

"அப்பா? கேக்குதா? அங்க சிக்னல் இல்ல போலிருக்கு. ஜன்னல்கிட்ட வந்து நில்லுங்கப்பா."

"கேக்குதும்மா," என்றார் அப்பா. "அம்மாட்ட குடு."

அம்மா வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அவள் எதுவும் பேசவில்லை. நடுவில் ஒருமுறை "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றாள். பிறகு மறுபடி மௌனம். சிக்னல் சரியாகக் கிடைக்காதபோது இருபக்கமும் அப்படித்தான் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சத்தமாகப் பேசும்படி அவளுக்கு ஜாடை காட்டினேன்.

அடுத்த கோடை விடுமுறைக்குள் அப்பா, வரவிருந்த பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, கல்கத்தாவுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு பெட்டி படுக்கையோடு வந்துசேர்ந்தார். இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அத்தை கேட்டாள். வகுப்பில் தோழிகள் கேட்டபோது நான் சொன்னேன், சிலிகுரியில் சிக்னல் சுத்தமாகக் கிடைப்பதில்லை, அதனால்தான் எங்கள் அப்பா வந்துவிட்டார் என்று. நான் அதை முழுமனதாக நம்பினேன்.