வேண்டாம் என்று தூக்கிய கைகள்

போன மாதம் ஒரு போன். பேசிய பெண்மணிக்கு இனிமையான குரல். எங்கள் வட்டாரத்தில் அகாடமி என்ற புதுவகைப் பள்ளிக்குத் திறப்பு விழாவாம். பழைய பள்ளியின் முன்னாள் கவர்னர் என்ற முறையில் நான் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம்.

"நான் எப்படி முன்னாள் ஆனேன் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"ஸாரி... அது எனக்குத் தெரியாதே" என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

கவர்னர் என்றதும் மாளிகை, சைரன் வைத்த கார் என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். இங்கே லண்டனில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் கவர்னர்கள் உண்டு. பெற்றோரில் சிலர், ஆசிரியர்களில் சிலர், கவுன்சில் — நம்மூர் மாநகராட்சி மாதிரி — அனுப்புகிற சிலர். சம்பளம் கிடையாது. மாலையில் பள்ளி நூலகத்தில் கூடி, பட்ஜெட் முதல் பாத்ரூம் தாழ்ப்பாள் வரை பேசுவோம். ஆறிப்போன டீ உண்டு.

என் மகள் படித்த பள்ளிக்கு நான் பெற்றோர் கவர்னர். போட்டியின்றித் தேர்வு — வேறு யாரும் நிற்கவில்லை.

தலைமை ஆசிரியை மிஸ் டோலன். அயர்லாந்துக்காரர். உரத்த குரல், ஓட்டை கார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் வந்து கதவைத் தட்டினாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்.

வருஷத்தின் நடுவில், ஆங்கிலம் தெரியாமல், வேறொரு நாட்டிலிருந்து வந்து இறங்கும் பிள்ளையை லண்டனில் எந்தப் பள்ளிக்கும் பிடிக்காது. "ஸாரி, இடமில்லை." புன்னகையோடு சொல்லிவிடுவார்கள். ஏன் தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் எல்லாப் பள்ளிகளின் தேர்வு முடிவையும் வரிசைப்படுத்திப் பத்திரிகையில் போடுவார்கள். அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் பெற்றோர் வீடு மாறுகிறார்கள், வீட்டு விலை ஏறுகிறது, கவுன்சிலர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இப்படி இடமில்லாமல் போன ஒரு பிள்ளைதான் தர்ஷினி. வவுனியாவிலிருந்து பதிமூன்று வயதில் அம்மாவோடு வந்தவள். அம்மா வசந்தி, எங்கள் தெருக்கோடியில் வீடு. மிஸ் டோலன் தர்ஷினியைச் சேர்த்துக்கொண்டார். பள்ளியில் யாரோடும் பேசாத பெண், பதினாறு வயதில் கணக்கில் ஏ வாங்கினாள். ஆங்கிலத்தில் தவறினாள்.

ஆனால் அட்டவணையில் ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்து தேறினால்தான் தேர்ச்சி. அதில் தர்ஷினி வெறும் தோல்வி. அவளைப் போல எங்களிடம் நிறையப் பேர்.

இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். இரண்டே நாளில் பள்ளியை எடைபோட்டுவிட்டார்கள் — தோற்றுப்போன பள்ளி!

அடுத்து கவுன்சில் வந்தது. பள்ளியை மூடுவார்களாம். அதே இடத்தில் அகாடமி ஒன்றைத் திறப்பார்களாம். ஒரு பணக்காரத் தொழிலதிபர் அதை ஏற்று நடத்துவார். கவுன்சிலுக்கு அதன் மேல் அதிகாரம் கிடையாது. அது நேரே கல்வி மந்திரிக்குத்தான் பதில் சொல்லும். யாரை எப்படிச் சேர்ப்பது என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இதைப் பற்றிப் 'பெற்றோரின் கருத்தைக் கேட்க' ஒரு கூட்டம்.

அசெம்பிளி ஹால் நிரம்பி வழிந்தது. கவுன்சில் அதிகாரி புரொஜெக்டரில் புதுக் கட்டடத்தின் படத்தைக் காட்டினார். கண்ணாடிச் சுவர், மரங்கள், சிரிக்கும் பிள்ளைகள். ஒரு வரி மட்டும் எங்கேயும் இல்லை — "பெற்றோர் வேண்டாம் என்றால் என்ன செய்வோம்?"

வசந்தி எழுந்தார். ஆங்கிலம் போதாது என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நாங்கள் நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினனாங்கள். எல்லாரும் இடமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். இந்த மிஸ்தான் பிள்ளையை உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்தி, சாப்பிட்டியோ எண்டு கேட்டவ. இப்ப இந்தப் பள்ளிக்கூடம் சரியில்லை எண்டு சொல்லுறியள். அப்ப, கதவைச் சாத்தின அந்த நாலும் சரியோ?"

நான் மொழிபெயர்த்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு ஜமைக்கா அம்மா முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும்.

அதிகாரியும் கைதட்டினார்! "மிகவும் நெகிழ்ச்சியாக இருந்தது. பதிவு செய்துகொள்கிறோம்" என்றார். அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

"அண்ணை, அவர் ஓம் எண்டு சொல்லுறாரோ, இல்லை எண்டு சொல்லுறாரோ?" என்று வசந்தி கேட்டார். இதற்கு நான் என்னவென்று மொழிபெயர்ப்பது?

பிறகு கவர்னர்கள் கூடினோம். அகாடமி வேண்டுமா, வேண்டாமா? பெரும்பாலோர் வேண்டாம் என்று கையைத் தூக்கினோம். கவுன்சில் அனுப்பிய ஒரு கவர்னர்கூட எங்களோடு தூக்கினார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நிஜமாவே விட்டுடுவாங்களா?" என்றாள்.

"ஓட்டெடுப்பு நடந்திருக்கும்மா. இது என்ன, அவங்க இஷ்டமா?"

அவர்கள் இஷ்டம்தான்.

தோற்றுப்போன பள்ளி என்று முத்திரை விழுந்துவிட்டால், மந்திரியின் சம்மதத்தோடு கவர்னர்களை மொத்தமாகக் கலைக்கலாமாம். கலைத்தார்கள். கவுன்சிலே பொறுக்கியெடுத்த புதுக் குழு ஒன்று வந்தது. அவர்களில் ஒருவருக்கும் எங்கள் பள்ளியில் பிள்ளை கிடையாது. முதல் கூட்டத்திலேயே 'வேண்டும்' என்று தீர்மானம் போட்டார்கள்.

நாங்கள் வேண்டாம் என்று கையைத் தூக்கினோம். அவர்கள் கைகளையே மாற்றிவிட்டார்கள்.

மிஸ் டோலன் 'சொந்தக் காரணங்களுக்காக' ராஜினாமா செய்தார். ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். பிரிவு உபசாரம் எதுவும் இல்லை — புதுக் குழு ஏற்பாடு செய்யவில்லை, அவரும் விரும்பவில்லை. பெட்டிகளைக் காரில் ஏற்ற நான் போயிருந்தேன். அப்போதுதான் தர்ஷினி வந்தாள். இப்போது காலேஜில் படிக்கிறாள்.

"மிஸ், மறுபடி பரீட்சை எழுதினேன். இங்கிலிஷ் பாஸ்!"

மிஸ் டோலன் பெட்டியைக் கீழே வைத்தார். அவளைக் கட்டிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது எந்த அட்டவணையில் வரும்?" என்று கேட்டார்.

எதிலும் வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த உரத்த குரல்காரர் காருக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுததைப் பார்க்க முடியாமல், நான் காலியாகக் கிடந்த வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அகாடமி வந்தது. என் மகளுக்குப் புது பிளேஸர், புது டை. டீச்சர்களில் பாதிப் பேர் புதியவர்கள். குறை சொல்லக் கூடாது — பாத்ரூம் தாழ்ப்பாள் எல்லாம் பிரமாதம்.

போன் வந்ததற்கு இரண்டு நாள் கழித்து வசந்தி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, தங்கச்சியின்ர மகள் ஊரிலையிருந்து வந்திருக்கிறா. மதுரா. பன்னிரண்டு வயசு. அந்த அகாடமியிலை இடமில்லை எண்டுட்டினம். நீங்கள் ஒருக்காக் கதைக்க ஏலுமோ?"

கதைத்தேன். அகாடமியில், "அந்த வகுப்பு நிரம்பிவிட்டது, கவுன்சிலைக் கேளுங்கள்" என்றார்கள். கவுன்சிலில், "அகாடமி எங்கள் கையில் இல்லை, மந்திரி அலுவலகத்தைக் கேளுங்கள்" என்றார்கள். மந்திரி அலுவலகத்தில், "உள்ளூர் விஷயம், கவுன்சிலைக் கேளுங்கள்" என்றார்கள். லண்டனில் பள்ளிகளை நடத்துவது யார்? கேட்கும் ஆளைத்தான் சுற்றிச் சுற்றி நடத்துகிறார்கள்... அவ்வளவுதான்.

கடைசியில், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒரு பள்ளி. மதுராவையும் வசந்தியையும் கூட்டிக்கொண்டு நானே போனேன். வராந்தாவில் கூரை ஒழுகி, கீழே வாளி வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஒல்லியான மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒழுகும் கூரைக்காக மன்னிப்புக் கேட்டார். மதுராவைப் பார்த்துச் சிரித்தார்.

"திங்கட்கிழமையே வரட்டும்" என்றார்.

வசந்தி கையெடுத்துக் கும்பிட்டார். நான் பேச்சுக்குக் கேட்டேன்: "இப்படி நிறையப் பிள்ளைகள் வருகிறார்களா?"

"இப்போது கொஞ்சம் அதிகம்தான். பக்கத்து வட்டாரத்தில் ஒரு பள்ளியை மூடிவிட்டார்களே... அது கிடக்கட்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் எங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன், அதுதான் கவலை" என்றார்.

லண்டனில் அடுத்து எந்த இடத்தில் அகாடமித் திறப்பு விழா நடக்கும் என்று யாராவது கேட்டால், என்னிடம் விலாசம் இருக்கிறது.