புருவம் உதிர்ந்த பெண்ணும் பொதுக் கிணறும்

1963 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சைக்கிளுக்குக் காற்றடித்தேன். ஏழு மணிக்குக் கந்தோரில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து. முதல் நாள் காய்ச்சல்காரரிடம் எடுத்த இரத்தக் கண்ணாடிச் சிலைட்டுகள் ஐந்தையும் மலேரியாச் சோதனைக்காகப் பொதி செய்து பஸ்ஸில் அனுப்பினேன். எட்டேகாலுக்குக் கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றக் காணிகளுக்குப் போய் இரண்டு கிணறுகளுக்குக் குளோரின் போட்டேன்.

நான் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இப்போது வயது நாற்பத்தேழு. புதிதாக வேலைக்கு வரும் பி.எச்.ஐ.மார் முடி உதிர்வைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அந்தப் புதன்கிழமையைத்தான் சொல்கிறேன். என்னுடைய பிழையும் அதில் இருக்கிறது.

இரண்டாவது கிணற்றடியில் தங்கம்மா என்ற பெண் என்னை மறித்தாள்.

"ஐயா, செல்லையாவின்ரை பெண்சாதியை ஒருக்காப் பாருங்கோ. முடி கொட்டுது, புருவமும் உதிர்ந்துபோச்சு, முகமும் தடிச்சுப்போச்சு. பெருவியாதி எண்டு சனம் கதைக்குது. அவள் பிடிச்ச கிணத்துக் கயிறைத்தானே நாங்களும் பிடிக்கிறம்."

பெருவியாதி என்றால் குட்டநோய். அந்தக் காலத்தில் அதற்கென்று தனி ஆசுப்பத்திரி இருந்தது. அங்கே அனுப்பப்பட்டவர்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

செல்லையா பருத்தித்துறைப் பக்கமிருந்து குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர். மனைவி பாக்கியத்துக்கு முப்பத்தொரு வயது, மூன்று வயதில் ஒரு மகள். வெளியில் கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. பாக்கியம் புருசனின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். சீவும்போது கழன்ற முடியைச் சுருட்டிச் சுருட்டிக் கிடுகுச் சுவரில் செருகியிருந்தாள். எண்ணினேன். இருபத்திரண்டு சுருள்.

"கதவைச் சாத்தட்டே ஐயா? குளிருது" என்றாள். குரல் தடிமன் பிடித்த ஆம்பிளையின் குரல்போல் இருந்தது.

குட்டநோயென்றால் தோல் மரத்திருக்கும் என்பதால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். தொட்ட பத்து இடத்தையும் விரலால் சரியாகக் காட்டினாள். ஆனால் இரண்டு புருவங்களிலும் வெளிப்பாதி இல்லை. முகம் தடித்திருந்தது. கோட்டு, குரல், புருவம் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதினேன். அவள் மெல்ல மெல்ல எழும்பினாள், அதையும் எழுதினேன். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள்.

"வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்றேன். அது பொய்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாமோ ஐயா?" என்று கேட்டாள். அந்தத் தனி ஆசுப்பத்திரியை நினைத்துத்தான் கேட்டாள். போகும்போது செல்லையாவிடம், "முடிவு தெரியுமட்டும் பொதுக் கிணத்துக்குப் போகவேண்டாம்" என்று சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கம்மாவுக்கும் அது கேட்டது.

பகல் ஒன்றரைக்கு டி.எம்.ஓ.விடம் போனேன். அவர்தான் எங்கள் ஆசுப்பத்திரியின் பெரிய டொக்டர். பாக்கியத்தைக் குட்டநோய் ஆசுப்பத்திரிக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன், அவருடைய கையெழுத்து மட்டுமே பாக்கி. அவர் படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு என் புத்தகத்தை வாங்கி வாசித்தார்.

"பஞ்சுப் பரிசோதனை பத்துக்குப் பத்து எண்டு எழுதியிருக்கிறீர். பிறகென்னத்துக்கு இந்தப் படிவம்?"

"புருவம் இல்லை, சேர்."

"மயிர் கொட்டினவையை எல்லாம் அனுப்பிறதெண்டால் முதல்லை உம்மட கந்தோரிலை இருக்கிற வழுக்கைத்தலைப் பெரிய கிளாக்கரை ஏத்தவேணும். ஓகஸ்ட் மாசத்திலை கோட்டுப் போட்டுக்கொண்டு அடுப்படியிலை இருக்கிறா. குரல் மாறிப்போச்சு. எழும்ப நேரமெடுக்குது. எல்லாம் உம்மட கையெழுத்துத்தான். நீர் எழுதினதை நீரே வாசிக்கேல்லையோ?"

டொக்டர் புத்தகத்தை மூடி என் கையில் தந்தார்.

"ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

மூன்று மணிக்கு நான் திரும்பிப் போனபோது பொதுக் கிணற்றில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. தங்கம்மா கழற்றிக்கொண்டு போய்விட்டாள். செல்லையா வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். காலையில் சனம் கதைத்த கதை, என் வாயால் வந்தபிறகு சட்டமாகிவிட்டது.

ஜீப்பைக் கண்டதும் பாக்கியம் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஆசுப்பத்திரிக்கு வந்த பிறகும் கீழே விடவில்லை.

டொக்டர் குட்டநோய்த் தடிப்பு இருக்கிறதா என்று அவளுடைய காதுச் சோணையைத் தடவிப் பார்த்தார். முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார். தோலைக் கீறி எடுத்த சிலைட்டை மைக்கிறஸ்கோப்பில் பார்த்தார்கள், கிருமி இல்லை. பிறகு மகளைத் தோளில் சாய்த்தபடியே கதிரை மேல் முழங்காலில் நிற்கவைத்துக் குதிகால் நரம்பில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் திரும்பி வர மறந்ததுபோல் மெல்ல மெல்ல இறங்கியது. என்னையும் தட்டிப் பார்க்கச் சொன்னார்.

"இது தைரொயிட். கழுத்திலை இருக்கிற சுரப்பி வேலை செய்யேல்லை. அதுதான் கால் மெல்ல இறங்குது, குளிருது, முகம் வீங்குது, முடி கொட்டுது. அம்மா, உமக்குப் பெருவியாதி இல்லை. யாழ்ப்பாணத்திலை ஒருக்காக் காட்டவேணும். குளிசை தருவினம், ஒவ்வொரு நாளும் விழுங்கவேணும்."

"அப்ப நான் வீட்டை போகலாமோ?" என்று பாக்கியம் கேட்டாள்.

"ஓம். இந்த ஜீப்பிலையே போம்."

அப்போதுதான் மகளை நிலத்தில் இறக்கினாள்.

அதற்குப் பிறகு முடி உதிர்வு என்று யார் வந்தாலும் நான் தலையை மட்டும் பார்ப்பதில்லை. டைபோயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு கொத்துக்கொத்தாகக் கொட்டும், அது தானாக முளைக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வட்டவட்டமாகப் போனால் படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். நகம் வெளிறி மூச்சிரைப்பவர்களுக்குக் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்திருக்கும். குட்டநோயாகவே இருந்தாலும் அதற்கும் குளிசை உண்டு. கிணற்றைப் பூட்டுவது வைத்தியமில்லை. டொக்டர் அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் இவை ஒன்றையும் நான் கற்றிருக்க மாட்டேன். அவர் என்னைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நன்றி இன்றுவரை இருக்கிறது.

பாக்கியத்தின் புருவம் அடுத்த சித்திரைக்குள் முளைத்துவிட்டது. தன் பழைய கோட்டை வயலில் வெருளிப் பொம்மைக்குப் போட்டுவிட்டதாகச் செல்லையா சொன்னார்.

அந்தப் புதன்கிழமை மாலை அவர்களை வீட்டில் இறக்கும்போது, "விடியக் கிணத்தடிக்கு வாங்கோ" என்று சொன்னேன். தங்கம்மா வீட்டுக்கும் போய்க் கயிறையும் வாளியையும் கொண்டுவரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை. கந்தோருக்குப் போகுமுன் முதல் வேலையாகக் கிணற்றடிக்குப் போனேன். தங்கம்மாவும் வேறு நான்கு பெண்களும் நின்றார்கள். கயிறு கட்டியிருந்தது. பாக்கியம் தள்ளி நின்றாள்.

"நேற்று நான் சொன்னது பிழை. இவவுக்குப் பெருவியாதியும் இல்லை, தொத்திற வருத்தம் ஒண்டும் இல்லை" என்றேன். பிறகு பாக்கியத்தின் பக்கம் திரும்பினேன்.

"பாக்கியம், ஒரு வாளி அள்ளும். நேற்றுத் தேத்தண்ணியைத்தான் குடிக்காமல் போயிட்டன்."

அவள் மெதுவாகத்தான் இழுத்தாள். நான் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினேன். ஊற்றினாள். வயிறு நிறையக் குடித்தேன்.

தங்கம்மா என்னையும் பார்த்தாள், வாளியையும் பார்த்தாள். பிறகு தன் குடத்தைக் காலால் முன்னுக்குத் தள்ளினாள்.

"கையோடை எனக்கும் ஊத்து பிள்ளை. வெய்யில் ஏறப்போகுது."