ஆறு கையெழுத்தும் கால் கிலோ சங்கராவும்

ஆறு பெண்களின் ஓட்டை நான் திருடிக் கொடுத்திருக்கிறேன். கத்தி, முகமூடி எதுவும் தேவைப்படவில்லை. அரசாங்கம் கொடுத்த பால்பாயிண்ட் பேனாவே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டு, தேதி குறித்து, கீழே பதவியையும் எழுதினேன். இவ்வளவு ஒழுங்காக ஆவணப்படுத்தப்பட்ட திருட்டு வேறு எங்கும் நடந்திருக்காது.

இரண்டாயிரங்களின் நடுவில் வந்த ஒரு சட்டமன்றத் தேர்தல் அது. நான் தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கே என் அதிகாரத்துக்கு உட்பட்டவை ஒரு ஸ்டேப்ளரும் ஒரு நாற்காலியும். நாற்காலியையும் அவ்வப்போது பக்கத்து செக்‌ஷனில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு ‘வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்’ என்று ஆணை வந்தது. அதை மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் இரண்டு தரம் படித்தாள்.

“வீட்டுல டிவி ரிமோட்டையே உங்களால கைப்பத்த முடியல. பூத்தைக் கைப்பத்த யாராவது வந்தா என்ன செய்வீங்க?”

“போலீஸ் இருக்கும்” என்றேன்.

“அதானே பார்த்தேன்.”

பயிற்சி வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏழு தேர்தல் பார்த்தவர். தலைமை அலுவலர் எழுத வேண்டிய டைரியைப் பற்றி அவர் எனக்கு மட்டும் தனி வகுப்பு எடுத்தார். “அசம்பாவிதம் எதுவும் நடந்ததான்னு ஒரு கட்டம் இருக்கும் சார். காலையிலயே ‘இல்லை’ன்னு எழுதி வெச்சிடுங்க. சாயந்திரம் மிஷினை ஒப்படைக்க க்யூல நிக்கும்போது என்னை நினைச்சுப்பீங்க.” தேர்தல் நாளில் ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன்பே நான் ‘இல்லை’ என்று அழகாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். இன்றும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நடக்காத நாளுக்கு நற்சான்றிதழ் கொடுத்தவன் நான்.

எங்கள் சாவடி கடலோரக் குப்பம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில், ஒன்றாம் வகுப்பு அறை. என் முழங்கால் மேசைக்கு அடியில் நுழையவில்லை. ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. சுவரில் அணில், ஆடு, இலை. ஜன்னல் வழியாக உப்புக் காற்றும் காயும் கருவாட்டின் வாசனையும். என்னோடு மூன்று அலுவலர்கள். விரலில் மை வைக்கும் வேலை ஒரு பள்ளி ஆசிரியைக்கு. அவர் அதிகம் பேச மாட்டார், பேசினால் ஊசி. எதிர் பெஞ்சில் கட்சி ஏஜெண்டுகள் இரண்டு பேர். வாசலில் ஒரு கான்ஸ்டபிள்.

பத்து மணிவாக்கில் அந்த ஆள் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பைக்குள் செல்போன், கையில் ஒரு கிழவியின் முழங்கை. குப்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவரைக் கேட்டுத்தான் என்பது அவர் நுழைந்த விதத்திலேயே தெரிந்தது. ஏஜெண்டுகள் இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சி. ஒருவர் அவருக்குத் தம்பி முறை, இன்னொருவர் மச்சான் முறை.

“ஆயாவுக்குக் கண்ணு தெர்ல சார். நான் கூட வந்துகிறேன்.”

அந்தக் கிழவிக்கு உண்மையிலேயே கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. பார்வையில்லாதவருக்குத் துணையாக ஒருவர் போய் அவர் சார்பில் பட்டனை அழுத்தலாம், விதி இருக்கிறது. துணைக்கு வருபவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ஒருவருக்குத்தான் துணையாக வரலாம். அவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். எல்லாம் முறைப்படி.

அரை மணி கழித்து இன்னொரு முழங்கையோடு வந்தார்.

“ஒருத்தருக்குத்தாங்க...” என்று ஆரம்பித்தேன்.

“இது என் தம்பி பேர்ல எய்திக்க சார். அவன் கடலுக்குப் போய்ட்டான்.” சொல்லிக்கொண்டே மேசைமேல் ஒரு பாட்டில் ஜில்லென்ற மோரை வைத்தார். “வெயிலு பேஜாரா கீது. குடி சார்.”

குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொருவருக்கும் படிவத்தில் ஒரு புதுத் தம்பி, ஒரு புது மாமன். கையெழுத்து மட்டும் ஒன்றே. ஆட்சேபிக்க வேண்டிய எதிர்க் கட்சி ஏஜெண்டைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். கான்ஸ்டபிளைப் பார்த்தேன். அவர் கையிலும் மோர்.

ஆறாவதாக ஒரு பச்சைப் புடவைக்காரம்மா. வாசற்படியில் கிடந்த செருப்புகளைத் தாண்டிக் கச்சிதமாகக் கால் வைத்து வந்தார். ஆசிரியை மை வைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: “சார், இந்த ஊர்ல ஒரே ஆளே ஆறு பேரா இருக்காங்க போல.”

நான் சிரித்தேன். அதுதான் என் குணம். எதைக் கண்டும் சிரித்துவிட்டால், அதைப் பற்றி எதுவும் செய்ய வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே ஆறாவது கையெழுத்தைப் போட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாவது முழங்கை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். வீட்டில் நான்கு பேர் இருந்தும் நான் வாங்குவது கால் கிலோ சங்கரா. அதனால் எனக்கு ‘கால் கிலோ சார்’ என்று பெயர் வைத்தவர். ஒரு தடவை, கிழிந்து ஒட்டிய பத்து ரூபாயை நாலாக மடித்து, ஒட்டு உள்ளே போகும்படி வாசலிலிருந்தே நீட்டினேன். வாங்காமலே, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, “வேற நோட்டு எடு சார்” என்றார். அவருடைய கண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு நேரடி அனுபவம் உண்டு.

“கண்ணு தெர்ல சார்” என்றார் வெள்ளைச் சட்டை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. “கால் கிலோ சார், நீயா ஆபீசரு?” என்றார். பிறகு, “என் கார்ட குடுக்கச் சொல்லு. நேத்து வந்து எல்லாக் கெய்வி கார்டையும் பத்திரமா வெச்சிக்கிறேன்னு வாங்கிகினு போய்ட்டான். குடுடான்னா, உள்ள வா தரேன்றான்.”

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஆறு பேரும் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் விளங்கியது. அவர்களுடைய வாக்காளர் அட்டை அந்த வெள்ளைச் சட்டைப் பையில் இருந்தது. அவர்களுடைய வாய் என் எதிரில்தான் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் மோர் குடித்தேன்.

“அம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியுதா?” என்று இப்போது கேட்டேன். ஆறு பேருக்குப் பிறகு.

“உன் சட்டைல மூணாவது பட்டன் இல்ல. டீச்சரம்மா மை பாட்டிலு மூடி கீய வுந்து கெடக்குது. செவுத்துல அணிலுக்கு ஒரு காலு எவனோ கிய்ச்சி வெச்சிகிறான்.” மூச்சு விட்டார். “இவன் மூஞ்சிதான் தெர்ல சார். பாக்கப் புடிக்கல.”

வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். வெள்ளைச் சட்டைக்கு முகம் கறுத்தது.

“இன்னா சார், காலைலேர்ந்து நல்லாத்தானே இருந்த? திடீர்னு இன்னா? கெய்வி புத்தி கெட்டுப் பேசுது. எய்து நீ.”

“கார்டைக் கொடுங்க.”

“தர்ல. இன்னா பண்ணுவ?”

அவர் மேசையை ஒரு தள்ளு தள்ளினார். படிவங்கள், ரப்பர் ஸ்டாம்ப், மோர் பாட்டில் எல்லாம் தரையில். முன் பெஞ்சை உதைத்தார். அது ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு, பாவம், அறையின் அந்தக் கோடி வரை போனது. வரிசை கலைந்து கூச்சலாயிற்று. குழந்தையோடு நின்ற ஒரு பெண் வெளியே ஓடினார்.

நான் எழுந்தேன். முழங்கால் மேசையில் இடித்தது. “வெளியே போய்யா!” என்று கத்தினேன். கடைசி எழுத்தில் குரல் உடைந்து, பன்னிரண்டு வயதில் என்னைவிட்டுப் போன குரல் திரும்பி வந்தது. யாரும் பயப்படவில்லை, நான் மட்டும் பயந்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. கான்ஸ்டபிளைப் பார்த்து, இந்த ஆளை வெளியேற்று, இல்லாவிட்டால் உன் பெயரையும் சேர்த்து டைரியில் எழுதுவேன் என்று இரைந்தேன். அந்த டைரியில் ஏற்கெனவே ‘இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

கான்ஸ்டபிள் வந்தார். கல்யாண வீட்டில் சம்பந்தியை அழைத்துப் போகிறவரைப் போல வெள்ளைச் சட்டையின் தோளில் கை போட்டு, “வா தலைவா, வெளில பேசிக்கலாம்” என்றார்.

“நில்லுங்க” என்றேன். “கார்டு.”

சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்து வீசிய ஏழு அட்டைகளும் தரையில் விழுந்தன. யாரும் குனியவில்லை. நான்தான் பொறுக்கினேன். பிறகு ஆசிரியையிடம், “இவர் வலது கை விரல்ல மை வைங்க. இன்னொரு தடவை துணைக்கு வர முடியாது” என்றேன்.

“அப்படி விதி இருக்கா சார்?”

“இருக்கு.”

இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்று வரை தேடிப் பார்க்கவும் இல்லை. ஆசிரியை மேற்கொண்டு கேள்வி கேட்காமல், கான்ஸ்டபிள் பிடித்திருந்த கையில், விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டுப் பக்கம் வரை இழுத்தார். வெள்ளைச் சட்டையின் கைமடிப்பிலும் நல்ல கோடு. அன்று முழுக்க நடந்ததில் எனக்குப் பிடித்த காரியம் அது ஒன்றுதான். அதையும் நான் செய்யவில்லை.

மீன்கார அம்மா தனியாக அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார். நேரம் எடுத்துக்கொண்டார். பட்டியலில் இருந்த ஒவ்வொரு சின்னத்தையும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்திருப்பார். மிஷின் நீளமாகக் கூவியது. வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போனார்.

எனக்கு நெஞ்சு விரிந்தது. இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டு பல வருஷம் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

சொல்லாமல் விட்டது இதுதான். அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வராந்தாவுக்குப் போனேன். தன் அட்டைக்காக அங்கேயே உட்கார்ந்திருந்த பச்சைப் புடவைக்காரம்மா எழுந்து வந்தார்.

“சார், எனுக்கும் கண்ணு தெரியும் சார்.”

“தெரியும்மா.”

“அப்ப நானும் போய் ஒரு தபா அமுக்கிட்டு வந்துடட்டா?”

“உங்க ஓட்டு விழுந்துடுச்சும்மா.”

“நான் அமுக்கலயே சார்.”

என்னிடம் ஒரு நகைச்சுவையும் கைவசம் இல்லை. அவர் தன் விரலில் இருந்த மையைப் பார்த்தார், அட்டையை வாங்கிக்கொண்டார், போய்விட்டார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைச் சட்டைமேல், மின்விசிறி பார்த்த ஏஜெண்டுமேல், தோளில் கை போட்ட கான்ஸ்டபிள்மேல் என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பட்டன் இல்லாத சட்டைக்குள் வந்து உட்கார்ந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மாலையில் டைரியை எடுத்தேன். அந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு, ஒரு நபர் ரகளை செய்தார், வெளியேற்றப்பட்டார் என்று எழுதினேன். துணையோடு வாக்களித்தவர்கள் எத்தனை என்ற இடத்தில் ஆறு என்று எழுதினேன். அந்த ஆறு எப்படி வந்தது என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் கேள்வி என்னிடம்தான் வந்திருக்கும். பேனாவில் மை இருந்தது. எனக்குத்தான் தைரியம் இல்லை.

அடுத்த ஞாயிறு மீன்கார அம்மா வழக்கமான எட்டு மணிக்கு வரவில்லை. பத்தரைக்கு, வெயில் ஏறிய பிறகு, கூடையோடு வந்தார்.

“ஏம்மா லேட்டு?”

“குப்பத்து ஷேர் ஆட்டோவுல என்னை ஏத்தக் கூடாதுன்னு அந்த வெள்ளச் சட்ட சொல்லிக்கிறான். சோழிங்கநல்லூர்ல ஒரு பஸ்ஸு, மேடவாக்கத்துல ஒரு பஸ்ஸு. கூடைக்கு ஒரு டிக்கெட்டு கேக்கறான் கண்டக்டரு.” இதைப் புகாராகச் சொல்லவில்லை, விலை சொல்வதுபோலச் சொன்னார். “அத்த வுடு. அந்த ஆறு பேரு ஓட்டு இன்னா ஆச்சி சார்? எதுனா எய்திக் குட்த்தியா?”

நான் கூடையைப் பார்த்தேன். “அரைக் கிலோ போடுங்கம்மா” என்றேன்.

அவர் தராசைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து கிழிந்த நோட்டைக் கண்டுபிடித்த அதே கண்.

“எய்தல” என்றார்.

கால் கிலோ சங்கராவை எப்போதும்போல நிறுத்து, இலையில் சுற்றி, என் கையில் வைத்தார். அரைக் கிலோவுக்கு நான் நீட்டிய நோட்டில் மீதியைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க் குரல் கொடுத்தார்.