தறப்பாளுக்குக் கீழே

நான் போகும்போதெல்லாம் அவன் தறப்பாளை இழுத்துக் காரை மூடிவிடுவான். கார் என்னுடையது. இளவயதிலிருந்து ஆசைப்பட்டு வாங்கிய பழைய அமெரிக்கக் கார்; நீண்ட மூக்கு, சிவப்பு உடம்பு, செத்துப்போன எஞ்சின். லண்டன் சவுத்தாலில் கராஜ் வைத்திருந்த, ஜெர்மனியில் வேலை பழகி வந்த நம்மாள் ஒருவன், புதிய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அதில் பொருத்தித் தருவதாகப் பொறுப்பெடுத்திருந்தான். மகளை வெம்பிளிக் கல்யாண மண்டபத்துக்கு அந்தக் காரில் நானே ஓட்டிப்போக வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

“தம்பி, ஒருக்கா திறந்து காட்டுமன்.”

“இப்ப ஏலாது அண்ணை. வேலை முடிய வாங்கோ.”

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? அடிபட்டு நசுங்கிய ஏதோவொரு வண்டியின் எஞ்சினை என் தலையில் கட்டப்போகிறான் என்று முடிவு கட்டினேன்.

“உங்களுக்கு ஆரிலதான் நம்பிக்கை?” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன்.

பொனட் திறந்திருந்தது. உள்ளே அவன் சொன்ன அதே எஞ்சின், புத்தம் புதிதாக. பெரிய கியர்பாக்ஸுக்கு இடம் விட்டுக் காரின் அடித் தகட்டை வெட்டி அழகாக ஒட்டியிருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

“பிறகென்ன கோதாரிக்கு ஒளிச்சனீர்?”

அவன் கையைத் துடைத்தான். “குறை நினையாதேங்கோ அண்ணை. முதல் நாள் பெயின்டைப் புகழ்ந்தியள், விடிய வெடிச்சுப் போச்சு. வெல்டிங் மிசினைச் சோக்கான சாமான் எண்டியள், அண்டைக்கே எரிஞ்சிது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது.”

பொனட்டின் ஓரத்தில், கண்ணூறு படாமல் கட்டும் தேசிக்காய் ஒன்று நூலில் தொங்கியது. எனக்காகத்தான். முகம் சுட்டது. நான் அவனைச் சந்தேகித்த காலமெல்லாம் அவன் என் கண்ணைச் சந்தேகித்திருக்கிறான்!

அவன் உள்ளே ஏறித் திறப்பைத் திருகினான். எஞ்சின் உறுமியது, நிலம் அதிர்ந்தது.

“அடேயப்பா, என்ன சத்தம்!” என்றேன்.

எஞ்சின் நின்றுவிட்டது.

வயர் ஒன்று கழன்றிருந்ததாம், உடனேயே சரிசெய்துவிட்டான். ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வை என்னோடு வீடுவரை வந்தது. மூட நம்பிக்கை என்று எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன்!

கல்யாணத்தன்று திறப்பை நானே அவனிடம் கொடுத்து ஓட்டச் சொன்னேன். மகள் ஏறும்போது சமையலறையில் சுவரைப் பார்த்தபடி நின்றேன். சத்தம் தெருமுனை தாண்டிப் போனது. கண் கலங்கியது, வாயைத் திறக்கவில்லை. பிறகு மண்டபத்துக்கு பஸ் எடுத்தேன்.