என்னை வெளியே அனுப்பிய கூட்டம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னைப் பக்கம் சிட்லபாக்கத்தில் நடந்தது இது. எங்கள் வீடு பம்மலில். என் கணவர் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். வேலையில் கெட்டிக்காரர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், ஆனால் குடிப்பார். சனிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தது, காலையில் பல் தேய்த்ததும் என்று ஆகியிருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், இனியும் குடித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அங்கிருந்த நர்ஸ்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஏரிப் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாராவாரம் கூடுகிறார்களாம். பெயர்கூடக் கேட்க மாட்டார்களாம். அவரை அனுப்பி வையுங்கள் என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் இன்னா ரோட்ல வுழுந்து கெடக்கறனா? அங்கல்லாம் போற ஆளே வேற" என்றார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன். மனிதர் அசையவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று நானே பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

சானடோரியம் ரயில் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். எல்.கே.ஜி. வகுப்பறை. சுவரில் ஆப்பிள், யானை படங்கள். பெரிய பெரிய ஆண்கள் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெண் என்று ஒரே ஒருவர்தான், என் வயதுதான் இருக்கும். அவர் எழுந்து வந்து, "வாங்கக்கா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். சுக்கு போட்ட டீ ஒன்று கைக்கு வந்தது. இது என்ன மரியாதை என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒவ்வொருவராக எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துப் பேசினார்கள். அப்புறம்தான் உறைத்தது. அன்றைய கூட்டம் குடிப்பவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கு வேறு நாள், வேறு இடம். என்னையும் குடிப்பவள் என்று நினைத்துத்தான் அத்தனை வரவேற்பு.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பக்கத்திலிருந்த அந்தப் பெண்ணிடம், "நான் குடிக்கிறதில்லைங்க" என்றேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை. "மொத நாள் எல்லாரும் அதத்தான் சொல்லுவோம்க்கா. பரவால்ல" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எழுந்து போயிருப்பேன். அப்போது ஒரு நரைத்த தலைக்காரர் பேச ஆரம்பித்தார். குடித்துவிட்டு வீட்டுக்கு வரும்போதெல்லாம் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்றார். அதைத் திமிர் என்று அந்த அம்மா நினைத்தாராம். அது வெட்கம் என்று சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றார். நான் அந்த எல்.கே.ஜி. நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. அங்கே அதுதான் வழக்கம். டீ மட்டும் இன்னொரு தம்ளர் வந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து தினமும் கூப்பிட ஆரம்பித்தார். "இன்னிக்கு எப்படிக்கா இருக்கு? கை நடுக்கம் இருந்தா டாக்டரப் பாத்துருங்க, ஒரேயடியா நிறுத்திட்டு வீட்லயே கெடக்காதீங்க" என்று அவ்வளவு அக்கறையாகப் பேசுவார். அந்த அக்கறையைக் கெடுக்க மனம் வராமல் நானும் சரி சரி என்பேன்.

நாலைந்து நாள் பொறுத்த என் கணவர், யார் அது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"நீ குடிக்கிறதில்லனு சொல்லலியா?"

"சொன்னேன். நம்பல."

"அவ்ளோ பேரும் உன்னப் போய் அப்படி நெனச்சுகினு இருக்காங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவதாகச் சொன்னார். நானும் கூடவே போனேன். வகுப்பறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "இவங்க குடிக்கமாட்டாங்க. தப்பா நெனச்சுகினீங்க" என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி, "குடிக்கிறது நான்தான்" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கைதட்டல் எழுந்தது. நரைத்த தலைக்காரர் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் என்னிடம் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, இன்னிக்கு எங்களுக்கு மட்டும்தான். நீங்க வெளிய இருங்க" என்று கதவைச் சாத்தினார்.

அதன் பிறகு எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. டாக்டரிடம் போய் மருந்து சாப்பிட்டார். ஒரு பொங்கல் சமயத்தில் மறுபடி குடித்தார். அடுத்த வாரமே அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து அதையும் சொன்னார். இப்போது புதிதாக வருபவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பது அவர் வேலை. நானும் குடும்பத்தாருக்கான கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். இதைக்கூட அவர் படித்துப் பார்த்து, அனுப்பு என்ற பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் அவரோடு அந்த வாசல் வரை போகிறேன். என்னை வெளியே விட்டுவிட்டு அந்தக் கதவு சாத்தப்படும் ஒவ்வொரு முறையும், உள்ளே இருக்கும் பெயர் தெரியாத அத்தனை பேரையும் மனதுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் ஏரிக்கரைப் பக்கம் நடக்கிறேன்.