சாகாநிலை தேடிய தூங்குமூஞ்சி

அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதான பிறகு, டயாலிசிஸுக்காக அருமனையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு அவரோடு நான்தான் போய்வந்தேன். வளைகுடாவில் வெல்டராக இருந்து திரும்பியவர் அவர். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்த சமயம். ஒவ்வொரு தடவையும் அவர் இயந்திரத்தோடு நாலு மணிநேரம் கிடக்க வேண்டும். எங்களுக்குள் பேச அதிகம் ஒன்றுமில்லை. அவர் வெளிநாடு போனபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை.

அப்போது செல்போனில் ஒரு சீனக் கதை வாசித்துவந்தேன். யாரோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மலையில் தவமிருந்து, படிப்படியாக ஆற்றலைக் கூட்டிச் சாகாநிலை அடைய முயல்பவர்களின் கதை. அந்த வகையில் இது வேடிக்கையானது. நாயகன் தூங்குமூஞ்சி. மற்றவர்கள் குகைக்குள் வருடக்கணக்கில் கண்மூடியிருந்து பெறுவதை, இவன் மடத்துச் சமையலறையில் தெரியாமல் எதையோ தின்று பெற்றுவிடுவான்.

நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து ஒருநாள் அண்ணன் என்னவென்று கேட்டார். தமிழில் சொன்னேன். நாயகனின் குரு ஒரு வாத்துக்குப் பயந்து மரத்தில் ஏறிய இடத்தில் அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாதென்று நர்ஸ் வந்து சத்தம் போட்டார். அதன்பிறகு பஸ்ஸில் ஏறும்போதே கேட்பார்: “இன்னைக்குள்ளத வாசிச்சியா?”

மழைக்காலம் அப்படிப் போனது. கதையில் ஒருவன் நாயகனை இளக்காரம் செய்வான், அடி வாங்குவான். பிறகு அவனுடைய குரு வருவார், அவரும் அடி வாங்குவார். காயம் பட்டால் ஒரு குளிகை. விழுங்கியதும் நாயகன் முன்னைவிடப் பலசாலி. அண்ணனின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறவர் இனயம் என்ற கடற்கரை ஊரின் மீன் வியாபாரி. அவரும் கதைக்குக் காது கொடுப்பார். ஒரு திங்கள்கிழமை அவரைக் காணவில்லை. நர்ஸிடம் கேட்டபோது அடக்கம் முடிந்துவிட்டது என்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் போனை எடுத்தேன். அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “வேண்டாம் மக்கா. அந்தத் தூங்குமூஞ்சிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும். பொறவு என்னத்த கேக்க?”

போனை அணைத்து வைத்தேன். பிறகு அவரே பேசினார். கடும் வெயிலில் கப்பலின் உள்ளறையில் வெல்டிங் செய்தது, கூட நின்ற ஒருவன் மயங்கி விழுந்து எழாமலே போனது, அன்று சாயங்காலம் வழக்கம்போல் வீட்டுக்குப் போன் செய்து சுகம் என்று சொன்னது. எங்கள் யாருக்கும் தெரியாத விஷயங்கள். அன்று வீட்டில் போனை எடுத்தது நானாகக்கூட இருக்கலாம்.

அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். அதுவரை எங்களுக்குப் பேச நிறைய இருந்தது. அந்தக் கதைமேல் எனக்குக் கோபமில்லை. அந்த அறையில் அவரைச் சிரிக்கவைத்தது அது ஒன்றுதான். கதை இன்னும் முடியவில்லை. நாயகன் இப்போது வானத்துக்கு மேலே ஏதோ ஓர் உலகத்தில் இருக்கிறான். எடுத்து வாசித்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. இரண்டு மூன்று அத்தியாயம் தாண்டியதும் மூடி வைத்துவிடுவேன்.